யோசேவாஸ் முனிவரும் கண்டி நகரத்து நோயாளரும்

1697 ஆம் ஆண்டிலே கண்டி மாநகரில் வைசூரி நோய் கண்டது. முதலில் ஒரு வீடு, பின்னர் ஒரு தெரு, அதன்பின் நகர் முழுவதுமாக அது பரவிற்று. செல்வர் தம் கிராமங்களுக்குப் போயினர். பிரதானிகள் போயினர். அரசனும் தன் பரிவாரத்தோடு நகரை விட்டு அகன்றான். வண்டியும் ஆளும் வைத்திருந்தவர்கள் இவ்வாறு போய்விட, எஞ்சினோர் ஏழைகளும் நோயாளிகளுமே. நோயாளிகளுள்ளும் பலர் தம் வீடுகளில் இருக்கப் பெற்றாரல்லர். உடம்பிற் கொப்புளம் கண்டவுடனே அவர்களைக் காட்டோரத்திற் கொண்டுபோய் விட்டுவிட்டு உறவினர் திரும்பினர். தாகத்துக்கு நீர் கொடுப்பாரின்றி, விலங்குகளை விரட்டுவாருமின்றி, மரத்தடிகளிலே அவர்கள் கிடந்தனர்.

இந்நாளில் இளைஞராயுள்ளோர் வைசூரியைக் கண்ணாற் கண்டவரல்லர். உலகினின்றும் அந்நோய் ஒழிந்ததென்று உலகச் சுகாதார நிறுவனம் 1980 ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது. ஆகவே, அது எத்தகையதென்று சிறிது சொல்லவேண்டியிருக்கின்றது. கடுங்காய்ச்சலோடு தொடங்கும்; மூன்று நான்கு நாளில் முகத்திலும் கைகால்களிலும், வாயினுள்ளும் தொண்டையிலுங்கூடக் கொப்புளங்கள் எழும்; அவை சீழ்கொண்டு நாறும். பிடித்தவர்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறப்பர். பிழைத்தவர்களின் முகத்தில் வடு நிலைக்கும். சிலர் கண்ணை இழப்பர். நோயாளியின் மூச்சும், அவர் உடுத்த துணியும், கிடந்த பாயும் பிறருக்கு அதனைக் கொடுக்க வல்லன. எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் பால்குத்தும் முறையைக் கண்டது 1796 இல். அம்முறை இலங்கைக்கு வந்தது 1802 இல். கண்டியில் நோய் கண்ட காலமோ அதற்கு நூறாண்டுகளுக்கு முந்தியது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் இந்நோயையும் குறிப்பிடுகின்றார். ஏனைய பிணிகளுக்கு மந்திரமும் சாந்தியும் செய்யும் மக்கள், இதனைத் தெய்வத்தின் செயலென்று கருதிக் கைவிட்டுவிடுவர் என்பது அவர் கூற்று.

காட்டில் விட்டவர்களைக் கொடியவர் என்று இன்று இருந்துகொண்டு சொல்லுதல் எளிது. வீட்டில் நான்கு குழந்தைகளை வைத்திருக்கும் ஒரு தாய், ஐந்தாவது குழந்தையின் நெற்றியிற் கொப்புளத்தைக் கண்டபோது என்ன செய்வாள்? வைத்தியம் இல்லை, ஒதுக்குதல் ஒன்றே காவல். அவர்கள் அறிந்த காவலை அவர்கள் செய்தனர். ஆனால் ஒதுக்கப்பட்டவனுக்கும் தாகம் உண்டு, பசி உண்டு. அவனிடம் யார் போவது?

இருவர் போயினர். ஒருவர் யோசேவாஸ் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அன்போடு அழைக்கும் ஜோசப் வாஸ் முனிவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. மற்றவர் அவருடைய உறவினரும், கோவாவிலிருந்து வந்து அவருக்குத் துணையாய் நின்றவருமாகிய ஜோசப் கர்வாலியோ என்னும் குருவானவர். இருவரும் அந்நிலத்துக்கு அந்நியர். அரசனுடைய சமயம் அவர்களுடைய சமயமன்று. நகரில் அவர்களுக்குச் சொத்தில்லை, சுற்றமில்லை. போய்விடுவதற்கு அவர்களைக் காட்டிலும் தக்க காரணம் உடையவர் எவரும் இலர்.

அவர்கள் ஏன் போகவில்லை என்பதை அறிய, இருபது ஆண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

ஜோசப் வாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 21 ஆம் திகதி கோவா நாட்டிலே, பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணி பேசும் பிராமண மரபினர். அம்மரபு கிறிஸ்து மதத்தைத் தழுவிய பின்னரும் தன் குலப்பெருமையை விடாதது. 1676 இற் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற நாள் முதலாகப் பாதரட்சை அணியாது நடக்கத் தொடங்கினார். ஏழைகள் அவ்வாறே நடந்தார்கள் என்பதுதான் காரணம். அடுத்த ஆண்டு, 1677 ஓகஸ்ட் மாதத்தில், அவர் ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். தம்மைத் தேவமாதாவுக்கு அடிமையாக என்றென்றைக்கும் ஒப்புக்கொடுக்கும் அடிமைச் சாசனம் அது.

அடிமை என்னும் சொல் தமிழருடைய பக்திக்குப் புதியதன்று. நாயன்மாரும் ஆழ்வாரும் தம்மை ஆண்டவனுக்கு அடிமை என்றே சொல்லிக்கொண்டனர். ஆயினும் வாஸ் முனிவர் வாழ்ந்த கோவாவில் அச்சொல்லுக்கு வேறொரு கடுமையும் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அந்நகரத்துச் சந்தையில் விற்கப்பட்டனர். அடிமை என்றால் யாது என்பதை அவர் உவமையாக அறிந்தவரல்லர். தெருவிலே கண்டு அறிந்தவர். தனக்கென்று நேரம் இல்லாதவன். இந்த வேலை ஆகும், இந்த வேலை ஆகாது என்று சொல்லும் உரிமை இல்லாதவன். வாசலில் வந்தவன் யாராயினும் எழுந்து நீர் கொடுக்கவேண்டியவன். இருபதாண்டுகளின் பின் கண்டியில் அவர் செய்தனவெல்லாம் இந்தச் சாசனத்தின் நிறைவேற்றமென்று கொள்ளுதலே பொருந்தும்.

இலங்கைக்கு அவர் வந்த கதை பலர் அறிந்தது. ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுத்தவர்க்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர். முப்பது ஆண்டுக்காலம் இங்கே பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரில்லை. இதனைக் கேள்வியுற்ற வாஸ் முனிவர், யோவான் என்னும் ஏவலாளன் ஒருவனை மாத்திரம் உடன்கொண்டு, கூலியாள் வேடத்தில், 1687 இல் தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தார். வழியிலே வயிற்றுளைவு கண்டது. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவரால் நிற்கவும் முடியவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு பரதேசி, தொற்றுநோயோடு வந்திருக்கின்றான். அவனை வீட்டில் வைத்திருக்க எவர் துணிவர்? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டு அவரும் யோவானும் கிடந்தனர் என்றும், இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்களைப் பிழைக்கச் செய்தது என்றும் அவருடைய சரித்திரத்தைக் கூறுவோர் சொல்லுவர்.

இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று. கண்டிக் காட்டோரத்தில் நோயாளிகளிடம் சென்ற அந்தக் குருவானவர், நோயின் காரணமாக ஒதுக்கப்படுதல் எத்தகையதென்று யாழ்ப்பாணத்தில் தாமே பட்டு அறிந்தவர். ஒரு சிரட்டைக் கஞ்சி ஓர் உயிரைத் திருப்பிக் கொண்டுவரும் என்பதும் அவருக்குப் புத்தகத்தில் வந்த பாடமன்று.

நோய் நீங்கியபின் கழுத்திற் செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டாருடைய முகம் மாறுகின்றதோ அந்த வீடு பழைய கத்தோலிக்கர் வீடு என்று கண்டுகொண்டார். வேடத்துக்காகத் தொடங்கிய பிச்சை அவருக்கு மற்றொரு நன்மையுஞ் செய்தது. ஏழையின் அடுப்பில் எத்தனை வேளை உலை ஏறுகின்றது என்பதை வாசலில் நின்று இரந்தவனே செம்மையாக அறிவான். பின்னர்ச் சில்லாலையில் மறைந்திருந்து தொண்டாற்றினார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வளைத்துப் பிடித்தபோது, அவர் மாத்திரம் அகப்படவில்லை. அடுத்த ஆண்டு கண்டி அரசனுக்குரிய புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692 இல் கண்டியை அணுகியபோது, போர்த்துக்கேயருடைய ஒற்றனென்று சொல்லப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். காவலர்கள் இவருடைய நடையைக் கண்டு காவலைத் தளர்த்தினர், முற்றத்தில் ஒரு கொட்டில் எழுந்தது, அதுவே கோவிலாயிற்று.

பின்னொருகால் மழையின்றி நாடு வாடியபோது அவர் வெளியிலே பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், மழை பெய்தது என்றும், பீடமும் அவரும் நனையவில்லை என்றும் வழங்கும் வரலாற்றைக் கேளாதார் இலர். கோவிற் சித்திரங்களிலும் அதனையே தீட்டுவர். மறைக்கல்வி வகுப்பிற் கேட்டாலும் பிள்ளைகள் அதனையே முதலிற் சொல்லுவர். மழைக்கதை அழகியது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், சீழ் நாறும் பாயை ஒருவர் நாள்தோறும் கழுவியதைச் சித்திரமாகத் தீட்டுதல் அரிது. அதனாலேயே போலும், அது பின்னே போய்விட்டது.

இனி அந்தக் கழுவுதலுக்கே வருவோம்.

காட்டோரத்திற் கிடந்தவர்களுக்கு முதலில் வேண்டியது நிழல். ஆகவே முனிவரும் கர்வாலியோ அடிகளும் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தனர். கழியும் ஓலையுங் கொண்டு எழுந்த சிறு கொட்டில்கள். ஆயினும் பனியையும் மழையையும் தடுத்தன. நகரத்து வீடுகளிற் கைவிடப்பட்டவர்களையும் தேடிச் சென்றனர். நீர் கொடுத்தனர், உணவு ஊட்டினர், புண்ணைக் கழுவினர், மலசலத்தை அகற்றினர், கிடைத்த மருந்தை இட்டனர். இறந்தவர்களைத் தம் கையாலேயே குழிதோண்டிப் புதைத்தனர். இவ்வாறு ஒரு நாளன்று, ஒரு மாதமன்று. நோய் தணியுமளவும், ஏறத்தாழ ஓராண்டு இதுவே அவர்களுக்குத் தொழிலாயிருந்தது.

மருந்தில்லாத நோய்க்கு இவையெல்லாம் என்ன பயன் என்று சிலர் ஐயுறலாம். வைசூரிக்கு அன்றும் மருந்தில்லை. அது ஒழியும்வரையிலும் அதனைத் தீர்க்கும் மருந்தென்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றும் வந்ததில்லை. ஆயினும் காய்ச்சலால் உடம்பின் நீர் வற்றும். தொண்டைப் புண்ணால் நோயாளி தானே எழுந்து குடிக்க மாட்டான். புண்ணில் அழுக்குச் சேர்ந்தால் வேறு நஞ்சும் ஏறும். நோயினால் இறப்பவர் ஒரு பகுதியினர். கவனிப்பார் இன்மையால் இறப்பவர் மற்றொரு பகுதியினர். அந்த இரண்டாவது பகுதியினரை ஒரு செம்பு நீரும், சிறிது கஞ்சியும், நனைந்த துணி கொண்ட ஒரு கையும் காப்பாற்றும். கண்டியிற் காப்பாற்றின.

கஞ்சி என்றவுடனே யாழ்ப்பாணத்தார்க்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வரும். 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஆறுமுக நாவலர் பசித்தோர்க்குக் கஞ்சித்தொட்டி வைத்தார். கிறிஸ்தவ மிஷனரிமாரோடு வாதிட்டுச் சைவத்தை நிலைநிறுத்தியவர் அவர். சமயத்தால் எதிரெதிர் நின்றவர்களின் வாசல்களிலும் பசித்தவனுக்கு வார்த்த கஞ்சி ஒரே கஞ்சியாகவே இருந்தது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி ஏறியதும் பசித்தவர் பொருட்டே. தமிழ் கேட்டு வளர்ந்தவர்க்கு வாஸ் முனிவரின் செயல் அந்நியமாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு கேள்வியை ஒளியாமல் எடுத்துக்கொள்ளுதல் முறை. இதுவெல்லாம் மதத்தில் ஆள் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்றோ என்பதே அக்கேள்வி. வாஸ் முனிவர் வேதம் போதிக்க வந்தவர். அதனை அவர் ஒருநாளும் மறைத்தவரல்லர். ஞானஸ்நானம் கேட்டவர்க்கு அவர் அதனைக் கொடுத்தார். அவர் பராமரித்தவர்களிலோ பௌத்தர் பலர். கஞ்சிக் கலயத்தை நீட்டுமுன் எவருடைய சமயத்தையும் அவர் விசாரித்ததாகச் சரித்திரமில்லை. குழிதோண்டிப் புதைத்தாரே, அதனை என்னென்பது? பிணத்தை மதம் மாற்ற எவராலும் இயலாது. இறந்த ஓர் ஏழையைக் காட்டு நரிக்கு விடாமல் மண்ணிட்டு மூடுவதனால் உலகில் எந்தக் கட்சிக்கும் ஓராள் கூடுவதில்லை. செய்தவனுக்கு வருவது, கையில் ஒட்டிய நோய் ஒன்றே.

இயேசுநாதர் இறுதித் தீர்வையைப்பற்றிக் கூறிய இடத்தில், பசித்தவனுக்கு உணவு கொடுத்ததும், நோயாளியைப் பார்க்கப் போனதும், சிறையிலிருப்பவனைத் தேடிச் சென்றதுமே கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்கிலே ஒரு விந்தை உண்டு. நற்செயல் செய்தவர்கள், ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம் என்று வியக்கின்றார்கள். யாருக்குச் செய்கின்றோம் என்பதை அறியாமலே செய்தவர்கள் அவர்கள். வாஸ் முனிவரோ அறிந்து செய்தவர். அடிமைச் சாசனம் எழுதியவர்க்கு, நாற்றமடிக்கும் அந்தக் குடிசை எசமானின் வீடாகவே தோன்றியிருத்தல் வேண்டும். அவர் நீண்ட நேரம் முழந்தாளிட்டுச் செபிப்பவர். இரவின் பெரும்பகுதி செபத்திற் கழியும் என்று கூறுவர். அத்தகையவர் ஓராண்டுக்காலம் பகலெல்லாம் நோயாளரிடத்தே கழித்தபோது, செபத்துக்கு இடையூறு வந்ததென்று முறையிடவில்லை. பக்தி மிக்கவர் பலர்க்கு இது எளிதன்று. பூசைவேளையில் வாசலுக்கு வந்து நின்று குரல்கொடுக்கும் இரவலனைக் கண்டு முகஞ்சுளியாதவர் எத்தனை பேர்? எந்தச் சமயத்தவராயினும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நோய் தணிந்தபின் அரசன் நகருக்கு மீண்டான். அவன் இரண்டாம் விமலதர்மசூரியன். பௌத்தத்திலே ஆழ்ந்த பற்றுடையவன். தலதா மாளிகையைப் புதுக்கியவன். இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா முறையை மீண்டும் நிறுவுவதற்காக அரக்கன் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். ஐந்து ஆண்டுக்கு முன் ஒற்றனென்று தான் சிறையிட்ட மனிதனே தன் குடிகளைக் காத்து நின்றான் என்பதை அவன் கேட்டறிந்தான். இவ்விரு குருமாரும் இல்லையாயின் தன் நகரத்துத் தெருக்கள் பிணக்காடாயிருக்கும் என்று அவன் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. அவன் கத்தோலிக்கனாகவில்லை. முனிவருடைய நடமாட்டத்துக்கு மாத்திரம் தடை செய்யவில்லை. ஒரு பௌத்த மன்னனும் ஒரு கத்தோலிக்கத் துறவியும் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்த அந்தப் பத்தாண்டு, இந்நாட்டின் சரித்திரத்தில் அடிக்கடி எடுத்துப் பேசத்தக்கது. பேசப்படுவது குறைவு.

அதன்பின்னும் வாஸ் முனிவர் ஏறத்தாழப் பதின்மூன்றாண்டு இந்நாட்டில் உழைத்தார். ஆயர் பதவி அவரைத் தேடிவந்தபோது வேண்டாமென்று மறுத்தார். அடிமைக்கு அது எதற்கு என்று எண்ணினார் போலும். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 ஆம் ஆண்டு சனவரி மாதம் 16 ஆம் திகதி கண்டியிலே உயிர்நீத்தார். கோவாவைச் சேர்ந்த செபஸ்தியான் டு றேகோ என்னும் குருவானவர் எழுதிய அவருடைய சரித்திரம் 1745 இல் லிஸ்பனில் அச்சாயிற்று. 1995 இற் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்புக்கு வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14 ஆம் திகதி காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென்று பிரகடனஞ் செய்து, அன்று மாலையே மடுத்திருப்பதிக்குஞ் சென்றார்.

அவருக்குப் பின்னர் கோவாவிலிருந்து ஒருவர்பின் ஒருவராகக் குருமார் வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், வாஸ் முனிவர் உயிரோடிருக்கும்போதே 1705 இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. சிங்களத்திலும் தமிழிலும் நூல் பல செய்தவர் அவர். தபசுகாலத்தில் நம் கடற்கரையூர்க் கோவில்களிலே வியாகுல பிரசங்கம் ஓதக் கேட்டவர்கள் அவருடைய தமிழைக் கேட்டவர்களே.